புடவை அவர்களுடையது, டிசைன் யாருடையது?

தென்சென்னையைச் சேர்ந்த 39 வயது வாசகி ஒருவரின் கடிதம் இது. மொட்டை மாடியில் கூரை போட்டு, இரண்டு நீள மேஜைகளில் பருத்திப் புடவைகளுக்குக் கட்டை அச்சு போடுகிறார். டிசைனை அவரே வரைகிறார், கட்டை செதுக்குவது மட்டும் வெளியே. அச்சு வேலைக்குப் புடவைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். சுமார் மூன்று ஆண்டுகளாக நகரின் ஒரு பொட்டிக்குக்கு 14 டிசைன்களில் புடவை கொடுத்திருக்கிறார். ஒப்பந்தம் எதுவும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதான். 1,12,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மிகப் பழைய பில்லுக்கு இரண்டே முக்கால் ஆண்டு ஆகிவிட்டது. இதுவரை வந்த பணமெல்லாம் கணவரின் ஜிபே எண்ணுக்கே வந்திருக்கிறது.

நான்கு மாதத்துக்கு முன் ஆர்டர் நின்றது. பிறகு அந்த 14 டிசைன்களில் ஆறு, வேறு மாநிலத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யப்பட்டு, பொட்டிக்கின் சொந்தப் பெயரில் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. கேட்டதற்கு, “காசு கொடுத்துத்தானே வாங்கினோம், டிசைன் எங்களோடது. அதையும் முப்பது பர்சென்ட் மாத்தித்தான் போட்டிருக்கோம்” என்று பதில். கடைச் சுவருக்காக இவர் வரைந்து கொடுத்த ஓவியத்தையும் துணிப்பைகளில் அச்சடிக்கிறார்கள்.

‘எழுத்தில் எதுவுமே இல்லாததால் எனக்கு உரிமை கிடையாதுதானே? ஓவியங்களை ரிஜிஸ்டர் தபாலில் எனக்கே அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் ஆதாரமாகுமா? இன்ஸ்டாகிராமில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாமா? வீட்டோடு செய்கிற வேலைக்குக் கோர்ட்டு எதற்கு என்கிறார்கள். நான் ஆர்ட்டிஸ்டா, துணிக்கு அச்சு போடுகிறவளா என்பதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். அந்த ஆறில் இரண்டு, தன்னிடம் வேலை செய்யும் பெண் வரைந்தவை என்பதையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

டிசைன் திருடுபோன வருத்தம்தான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. ஆனால் அதைவிட அவசரமானது பாக்கிப் பணம், அதை முதலில் பேசிவிடுவோம்.

கொடுத்த சரக்குக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட, தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து, பேசாவிட்டால் சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் காலவரம்பு. உங்கள் பழைய பில்லுக்கு இன்னும் மூன்று மாதம் போல் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் அந்தக் கெடு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. பாக்கி உண்டு என்று அவர்கள் கெடுவுக்குள் எழுத்தில், கையெழுத்தோடு ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். எனவே இந்த வாரமே பில் எண், தேதி, புடவை எண்ணிக்கை, தொகை, வந்தது, பாக்கி என்று ஒரே பக்கத்தில் கணக்கு எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘இந்தக் கணக்கு சரி என்று உறுதிப்படுத்தவும்’ என்று கேளுங்கள். அந்த மின்னஞ்சலில் டிசைன் விவகாரத்தை இழுக்காதீர்கள். சண்டை வாசனை வந்தால் யாரும் கணக்கை உறுதிப்படுத்த மாட்டார்கள். ‘அடுத்த மாசம் செட்டில் பண்ணிடறோம்மா’ என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரமாக வையுங்கள். அது உதவலாம், ஆனால் அதை மட்டும் நம்பி மூன்று மாதத்தைக் கடத்திவிடாதீர்கள்.

வழக்குச் செலவை நினைத்துத் தயங்குகிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12-ன்படி பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே இலவச சட்ட உதவிக்கு உங்களுக்குத் தகுதி உண்டு. வருமான வரம்பு பெண்களுக்குப் பொருந்தாது. சென்னை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குக்கு முந்தைய நிலையிலேயே லோக் அதாலத்துக்கு மனு கொடுத்து, பொட்டிக்காரர்களை அழைத்துப் பேச வைக்க முடியும். அங்கே உடன்பாடு ஏற்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். ஆனால் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பழைய பில்லின் கெடு முடிந்துவிடக் கூடாது. அந்தத் தேதியைப் பெரிதாக எழுதி, உங்களுக்குக் கிடைக்கும் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கொடுங்கள்.

உத்யம் பதிவு

வீட்டு மாடியில் நடந்தாலும் உங்களுடையது உற்பத்தி நிறுவனம்தான். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. இணையத்தில் இலவசம், ஆதாரும் பானும் போதும். பணம் கேட்கிற இணையதளம் அரசு தளம் அல்ல. தொழில் வகையில் ‘உற்பத்தி’ என்று தேர்ந்தெடுங்கள். ‘வணிகம்’ என்று போட்டுவிட்டால் நான் அடுத்துச் சொல்லும் பாதுகாப்பு கிடைக்காது.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்குமேல் பணத்தை இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் மனு செய்தால், இந்தப் பாக்கிகளுக்கென்றே இருக்கும் வசதியாக்கக் கவுன்சில் விசாரிக்கும். சென்னை மண்டலத்துக்குத் தனிக் கவுன்சில் உண்டு.

பழைய பாக்கிக்கு இது பொருந்துமா என்பதில் சிக்கல் இருக்கிறது. சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னோர் அமர்வு அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதனால் பழைய பாக்கிக்குச் சாதாரண வழியில் போங்கள், இனி கொடுக்கும் ஒவ்வொரு புடவைக்கும் இந்தச் சட்டம் துணை நிற்கட்டும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத கடை, அதை உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்திருக்கிறது. கடையின் ஆடிட்டரே உங்கள் பில்லை நினைவுபடுத்துவார்.

எழுத்தில் இல்லாதது உங்களுக்குத்தான் பலம்

இங்கே நீங்கள் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவரே முதல் உரிமையாளர். பதிவுகூடக் கட்டாயமில்லை. அந்த உரிமை இன்னொருவருக்குப் போக வேண்டுமென்றால் பிரிவு 19-ன்படி எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். புடவையை விலைக்கு வாங்கினால் புடவைதான் சொந்தம், அதன் டிசைனை மறுபடி அச்சடிக்கும் உரிமை அதோடு சேர்ந்து போகாது. ‘இந்த டிசைன் எங்களுக்கு மட்டும்’ என்று அவர்கள் கேட்டபோது ‘ஓகே மேடம்’ என்று பதில் போட்டதை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அதிகபட்சம், வேறு கடைக்குத் தரமாட்டேன் என்ற வாக்காக அதைக் கொள்ளலாம். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த இடத்துக்கு என்று எதுவும் அதில் இல்லை.

முப்பது சதவீதம் மாற்றினால் காப்பி ஆகாது என்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. இரண்டையும் பார்க்கும் சாதாரண ஆளுக்கு, ஒன்றைப் பார்த்துத்தான் மற்றது செய்யப்பட்டிருக்கிறது என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா என்பதே 1978-லிருந்து உச்ச நீதிமன்றம் வைத்திருக்கும் அளவுகோல். ஆனால் தாமரை, அன்னம், கோபுரக் கரை, ருத்ராட்சம் இவையெல்லாம் ஊர்ச் சொத்து. யாரும் உரிமை கொண்டாட முடியாது. தாமரைக் கொடியை நீங்கள் எப்படி வளைத்தீர்கள், இலைக்கும் மொக்குக்கும் நடுவே எவ்வளவு வெளி விட்டீர்கள், முந்தியில் அதை எப்படித் திருப்பினீர்கள் என்ற அமைப்புதான் உங்களுடையது. டிசைனுக்காக அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் ‘என் தாமரையைத் திருடிவிட்டார்கள்’ என்று எழுதினால் வாதம் தோற்கும்.

நீங்கள் ஆர்ட்டிஸ்டா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஓவியத்தைப் பொறுத்தவரை, அது கலைத்தரம் உள்ளதா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. கலைநயமுள்ள கைவினையையும் அது கலைப்படைப்பாகவே எண்ணுகிறது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள் பத்திக் துணி செய்து விற்றுத்தான் ஓவியத்துக்கான பிழைப்பை நடத்தினார்கள். துணியில் வேலை செய்தால் கலைஞர் இல்லை என்று இந்த ஊரில் யாரும் உங்களிடம் சொல்லக் கூடாது.

50 என்ற எண்

உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான், நிதானமாகப் படியுங்கள். டிசைன்களைப் பதிவதற்கென்று வடிவமைப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. அதில் பதிவு செய்திருக்கக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைத் தொழில்முறையில் ஒரு பொருளின் மேல் 50 தடவைக்குமேல் போட்டுவிட்டால், அந்த டிசைன் மீதான பதிப்புரிமை போய்விடும். இது பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 15(2). உடைக் கலைஞர்கள் பலரும் இந்தக் கல்லில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 2016-ல் ரித்து குமார் லேபிளின் உரிமையாளரான ரித்திகா நிறுவனம், பீபா என்ற உடை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றது இதனால்தான். அதே நீதிமன்றத்தில் 2008-ல் உடைக் கலைஞர் தருண் தஹிலியானியின் நிறுவனம் ஜெயித்தது, ஒவ்வொரு டிசைனிலும் 50-க்குக் குறைவாகவே உடைகள் செய்திருந்ததால்.

எண்ணுவது உங்கள் பக்கத்து எண்ணிக்கையை மட்டும். நீங்கள் போட்டதும் உங்கள் அனுமதியோடு பிறர் போட்டதும் சேரும். அனுமதியில்லாமல் அவர்கள் ஸ்கிரீனில் 500 அடித்தாலும் அது இந்தக் கணக்கில் வராது.

நீங்கள் அனுப்பிய பட்டியலில், காப்பியடிக்கப்பட்ட ஆறில் நீங்கள் வரைந்த மூன்று டிசைன்கள் 20 முதல் 40 புடவைக்குள் நிற்கின்றன. இவற்றில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. நீங்கள் வரைந்த நான்காவதான தாமரைக் கொடி 80-ஐத் தாண்டிவிட்டது. கையால் கட்டை வைத்து அச்சடிப்பது தொழில்முறை ஆகாது என்று வாதாட இடமுண்டு, ஆனால் அதை நம்பி வழக்கின் பாரத்தை அதன்மேல் ஏற்றச் சொல்ல மாட்டேன். இந்தச் சீசனில் நன்றாக ஓடிய டிசைன் அதுதான் என்பதால் மனசு கேட்காது. புரிகிறது. நோட்டீஸில் முதலில் அந்த மூன்றை நிறுத்துங்கள், தாமரைக் கொடியைப் பேச்சுவார்த்தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரமில்லாத வழக்கு மிரட்டலுக்கு எதிராக அவர்களே நீதிமன்றம் போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஆதாரம் சேர்க்கும் விதம்

ரிஜிஸ்டர் தபால் உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு கிடையாது. ஒட்டாத உறையை அனுப்பிப் பிறகு எதையும் உள்ளே வைக்கலாம் என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும். உங்களிடம் இருப்பவை அதைவிட நல்லவை: தேதியோடு கட்டை செதுக்கியவர் கொடுத்த பில், டிரேஸிங் தாள், முதல் அச்சு பார்த்த துணித்துண்டு, அந்தக் கட்டைகள்.

அவர்களுடைய புடவைகளை, டிசைனுக்கு ஒன்றாக, பில்லோடு வாங்குங்கள். மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். கையால் கட்டை வைக்கும்போது கோட்டுக் கட்டைக்கும் நிறம் நிரப்பும் கட்டைக்கும் நடுவே நூலிழை விலகல் ஒவ்வொரு வைப்பிலும் வேறுவேறாக விழும். உங்கள் புடவையின் ஒரு பகுதியை ஸ்கேன் செய்து ஸ்கிரீன் போட்டிருந்தால், அந்தப் பகுதியில் இருந்த விலகல் மாறாமல், அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். கட்டையின் விளிம்பு எங்காவது சிராய்ந்திருந்தால் அந்தச் சின்ன வெட்டும் ஸ்கிரீனில் ஏறியிருக்கும். பார்த்து வரைந்தோம், தற்செயலாக ஒத்துப்போனது என்ற வாதங்கள் அந்த ஒரு வெட்டின் முன் நிற்காது. இரண்டு புடவையையும் அளவுகோலோடு அருகருகே வைத்துப் படமெடுங்கள். அந்தக் கட்டையை இனிச் சீர்செய்யவோ மீண்டும் செதுக்கவோ வேண்டாம்.

இணையப் பக்கங்களை முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து வைத்தாலும் பழைய போனை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் பிரிவு 63-ன்படி சான்றிதழ் வேண்டும், மூலக் கருவி கையில் இருந்தால் அது சுலபம்.

அச்சு நடப்பது வேறு மாநிலத்தில் என்பதால் அங்கே அலைய வேண்டாம். பதிப்புரிமை வழக்கை நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போட பிரிவு 62 இடம் தருகிறது. ஆனாலும் என் யோசனை, வழக்குக்கு முன் சமரசம். மூன்று டிசைன்களையும் நிறுத்துவது, ஏற்கெனவே அச்சான இருப்புக்குப் புடவைக்கு இவ்வளவு என்று ராயல்டி, பாக்கி முழுவதும், புடவையோடு வரும் பெயர்ச் சீட்டில் உங்கள் பெயர். இந்த நான்கும் கிடைத்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள். காவல் புகாருக்கும் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் பணம் வசூலிக்கும் கருவியாக அதை எடுத்தால் உங்கள் நியாயமே கெட்டுப்போகும்.

இன்ஸ்டாகிராமில் ‘திருடர்கள்’ என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மீது திரும்பும். அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது, டிசைன் வாரியாக அதை நிரப்புங்கள். உங்கள் பக்கத்தில், ‘இந்த டிசைனை நான் வரைந்தேன், இதோ கட்டை, இதோ முதல் அச்சு’ என்று உங்கள் வேலையை மட்டும் காட்டுங்கள். கடையின் பெயர் அதில் வேண்டாம்.

சுவர் ஓவியமும் மற்ற இரண்டு டிசைன்களும்

சுவர் ஓவியத்தில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல அதிகமில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்து, கேட்டு வரையவைத்த ஓவியத்துக்கு வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது பிரிவு 17. இந்த விதியைப் புடவை டிசைன்களுக்கும் நீட்ட அவர்கள் முயலலாம். அவை அவர்கள் கேட்டு வரைந்தவை அல்ல, நீங்கள் முன்பே வரைந்து காட்டியவற்றிலிருந்து அவர்கள் தேர்ந்தெடுத்தவை என்பதை வாட்ஸ்அப் படங்களின் தேதி காட்டும். ஓவியத்திலும் ஒன்று மிச்சமிருக்கிறது. உரிமை போனாலும், வரைந்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பிரிவு 57-ல் உங்களிடமே இருக்கிறது. பைகளில் உங்கள் பெயர் போடக் கேளுங்கள்.

உங்களிடம் வேலை செய்யும் பெண் வரைந்த இரண்டு டிசைன்களை உங்களுடையவை என்று நோட்டீஸில் சேர்க்காதீர்கள். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி அச்சு போடுபவர், தானாக வரைந்த டிசைனை எழுத்தில் உங்களுக்கு எழுதித் தரவில்லை. பொட்டிக் உங்களிடம் சொன்ன ‘காசு கொடுத்தோமே’ என்ற வாதத்தைத்தான் நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். இதுவரை விற்றதற்கு ஒரு தொகை, இனி விற்பதற்குப் புடவைக்கு ஒரு பங்கு, சீட்டில் அவர் பெயர் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த இரண்டும் 50-ஐத் தாண்டாமல் இருந்து, அவரும் மனுவில் சேர்ந்தால் ஆறில் ஐந்து டிசைன்களுக்கு வலுவான வாதம் கிடைக்கும்.

இனி வரும் ஆர்டர்களுக்கு

உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, உங்கள் பெயரில் பில், உங்கள் யுபிஐ. பணம் கணவர் கணக்குக்குப் போனதால் டிசைன் உரிமை மாறாது, ஆனால் ‘நாங்கள் வியாபாரம் செய்தது அவரோடு’ என்று கடை சொல்ல இடம் கொடுத்துவிட்டது. மூன்று ஆண்டு உழைப்புக்கு உங்கள் பெயரில் ஒரு வரிகூட வரவு இல்லை என்பது, நாளை கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதும் வலிக்கும். வீட்டில் ‘வீட்டோடு செய்கிற வேலை’ என்று சொல்பவர்களிடமும் அந்தப் பாஸ்புக்கையே காட்டலாம்.

ஒவ்வொரு டிசைனுக்கும் ஓர் எண் கொடுத்து ஒரு நோட்டுப் போடுங்கள்: வரைந்த தேதி, வரைந்தவர் பெயர், கட்டை பில், இதுவரை போட்ட எண்ணிக்கை. 40-ஐத் தொட்டதும் நிறுத்தி யோசியுங்கள். விலை போடும்போது கட்டைச் செலவையும் இந்த எண்ணிக்கைக்கு வகுத்துச் சேருங்கள். கட்டை செட்டுக்கு 9,000 ரூபாய் என்றால் 50 புடவையில் தலைக்கு 180 ரூபாய். வரைந்த நேரத்துக்கு அதன்மேல் தனியாக.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். எந்த டிசைன் எண், எத்தனை புடவை, எத்தனை மாதம், எந்த ஊர்களில் விற்பனை, பாதி முன்பணம், மீதி எந்த நாளுக்குள், கட்டை யாரிடம் இருக்கும், சீட்டில் யார் பெயர். கடை தரும் அச்சடித்த படிவத்தில் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காலமும் இடமும் எழுதாமல் விட்டாலே ஐந்து ஆண்டு, இந்தியா முழுவதும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

தீபாவளிக்கு வரைந்துகொண்டிருக்கும் புது டிசைன்களில், 50-ஐத் தாண்டும் என்று நீங்கள் நம்பும் இரண்டு மூன்றை மட்டும் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியுங்கள். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் டிசைனுக்கு 1,000 ரூபாய், இணையத்திலேயே செலுத்தலாம். துணிக்கான வகுப்பு 05-05. பாதுகாப்பு பத்து ஆண்டு, கட்டணம் கட்டி இன்னும் ஐந்து நீட்டலாம். விண்ணப்பிக்கும் முன் டிசைன் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது என்பது கண்டிப்பான நிபந்தனை. கண்காட்சி ஸ்டாலில் மாட்டினாலும், இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டாலும் புதுமை போய்விட்டது என்று நிராகரிப்பார்கள். பழைய 14-க்கு இந்தக் கதவு அடைத்துவிட்டது. புதியவற்றுக்கு விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை எந்தக் கடைக்கும் மாதிரித் துணி அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைக்காதீர்கள்.